நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜனவரி 3, 2019

மருமகன் ஒரு புது டைரி கொண்டுவந்து கொடுத்தார். பெரிய சைஸ், பச்சை அட்டை. "சும்மாதானே இருக்கீங்க மாமா, ஏதாவது எழுதுங்க" என்றார். நான் சும்மா இருக்கிறேன் என்று இவரிடம் யார் சொன்னது? மூன்று நாளாகத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். உலகம்மாளுக்கு முழங்கால் வலி, கடை கண்ணிக்குப் போவதும் நான்தான். உலகம்மாள் என் மனைவி. என் டைரியில் இதை எனக்கே எழுதிக்கொள்ளத் தேவையில்லைதான். ஆனால் முப்பத்தேழு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு விவரச் சீட்டு ஒட்டாமல் எதையும் அலமாரியில் வைக்க வராது. பெயர் சொரிமுத்து, ஓய்வுபெற்ற நூலகர், ஊர் தென்கரை, வயது அறுபத்தேழு. போதும்.

ஜனவரி 5

மோட்டார் ஓடிவிட்டது.

ஜனவரி 9

பேப்பரில் ஆறாம் பக்கம், கீழே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. 1976-இல் தடை செய்யப்பட்ட 'பதினோரு மணித் தோணி' என்ற நாவல் மீதான தடை இனிச் செல்லாது என்று தீர்ப்பாகியிருக்கிறது. எழுதிய ஆசிரியை ஜாய்ஸ் ரூபாவதி பாளையங்கோட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறார். அறுபத்தொன்பது வயது. பார்வை அநேகமாகப் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். "என் புத்தகத்த ஒரே ஒரு தடவ முழுசாக் கேட்டுட்டாப் போதும்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அச்சிட எங்குமே ஒரு பிரதி கிடைக்கவில்லையாம். யாரிடமாவது இருந்தால் பதிப்பாளர் இசக்கிப்ரியாவைக் கூப்பிடவும் என்று ஒரு எண்.

பேப்பரை மடித்துக் கட்டில் மெத்தைக்கு அடியில் வைத்தேன். மத்தியானம் உலகம்மாள் வற்றல் காயப்போட அந்தப் பேப்பரைத்தான் தேடினாள். நான் பார்க்கவில்லை என்றேன்.

ஜனவரி 10

சரி, எழுதிவிடுகிறேன். இருக்கிறது. ஒரு பிரதி இருக்கிறது. பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில், பழைய தலையணை உறைக்குள்.

தென்கரைக் கிளை நூலகத்தில் அந்த நாவல் மூன்று பிரதிகள் இருந்தன. 76 கடைசியில், எல்லாப் பிரதிகளையும் கட்டி அனுப்பு என்று உத்தரவு வந்தபோது, இரண்டை அனுப்பினேன். மூன்றாவதைக் கழித்த புத்தகங்களின் பட்டியலில் ஏற்றி, காரணம் என்ற இடத்தில் 'கரையான் அரித்தது' என்று எழுதினேன். என் சர்வீஸில் நான் எழுதிய ஒரே பொய்ப் பதிவு அது. அன்றைக்கு எனக்கு இருபத்து நாலு வயது. மூன்று வருஷ சர்வீஸ்தான்.

அந்தத் தோணி நிஜமான தோணி. அப்போது எங்கள் ஊரில் பாலம் கிடையாது. தாமிரபரணியைத் தாண்டி வடகரைக்குப் போக வேண்டுமானால் தோணிதான். வியாழக்கிழமைதோறும் பதினோரு மணித் தோணியில் நான் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடகரைப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து, பழையதைத் திருப்பி வாங்கி வர வேண்டும். ரூபாவதி டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்த்தார். வியாழக்கிழமை முதல் இரண்டு பீரியட் அவருக்கு ஓய்வு. அதனால் அவரும் பதினோரு மணித் தோணிதான். குடையை விரிக்காமல் கையில் வைத்திருப்பார். வெயிலுக்குப் பயப்படாத ஒரே டீச்சர்.

அந்த ஆற்று வாடை இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. ஈர மணலும், தோணியில் பூசிய மீன் எண்ணெயும். பாலம் வந்த பிறகு அது இல்லை. பாலம் நல்லதுதான். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகலாம்.

ஜனவரி 15

பொங்கல். மகள், மருமகன், பேத்திகள். மூன்று அடுக்குப் பாத்திரம் கழுவினேன். கரும்பு கடித்ததில் கடைவாய்ப் பல் ஆடுகிறது.

ஜனவரி 17

போன் செய்தேன். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை.

"சார், நெசமாவே இருக்கா? ஜெராக்ஸா, ஒரிஜினலா?"

"ஒரிஜினல். ரெண்டாம் பதிப்பு."

"நான் இப்பவே கிளம்பி வாரேன் சார். நீங்க எங்கயும் போயிராதீங்க."

எங்கே போகப்போகிறேன்? நாற்பத்து மூன்று வருஷமாக இங்கேதான் இருக்கிறேன்.

அவள் வந்தாள். முப்பது வயது இருக்கும், ஸ்கூட்டர், முதுகில் கம்ப்யூட்டர் பை. உலகம்மாள் காப்பி கொடுத்தாள். நான் தலையணை உறையைக் கொண்டுவந்தேன். அவள் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கண் கலங்கிவிட்டது. புத்தகத்துக்கு அழுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு பக்கங்களைப் புரட்டினாள். முகம் மாறிற்று.

"என்ன சார் இது? கறுப்புக் கறுப்பா?"

"பதினாலு இடம்" என்றேன்.

"யாரு அடிச்சா?"

"அது... அப்போ ஒரு உத்தரவு வந்துது."

யார் அடித்தது என்று அவள் கேட்டாள், நான் உத்தரவைச் சொன்னேன். முப்பத்தேழு வருஷ அரசாங்க உத்தியோகத்தில் கற்ற பாடம் அது.

ஜனவரி 19

பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அடித்தது நான்தான்.

தடை வருவதற்கு எட்டு மாதம் முன்னால் முதலில் வந்தது ஒரு சுற்றறிக்கை. நாவலில் பதினாலு இடங்கள் ஊரின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்குவதாகப் புகார் வந்திருப்பதால், அந்த வரிகளை வாசிக்க முடியாதபடி மறைத்துவிட்டுத்தான் வாசகர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று. பக்கம் 38, வரி 7 முதல் 12 வரை, பக்கம் 51, வரி 3 முதல் 9 வரை என்று பட்டியல். புகார் கொடுத்தவர் தோணித்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெரிய மனிதர். நாவலில் எந்தெந்தத் தெருக்காரர்கள் தோணியில் உட்காரக் கூடாது, பணம் கொடுத்தாலும் நின்றுகொண்டேதான் வர வேண்டும் என்று டீச்சர் எழுதியிருந்தார். எழுதியது அத்தனையும் கண்ணெதிரே நடந்தது. அதுதான் குத்தகைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

தலைமை நூலகர் ஆவுடைநாயகம் சார் டிராயிங் மை ஒரு பாட்டிலும் தட்டைத் தூரிகையும் வாங்கி என் மேஜையில் வைத்தார். மூன்று பிரதி, பிரதிக்குப் பதினாலு இடம். ஸ்கேல் வைத்து அடிக்க வேண்டும், காய வைக்க வேண்டும், மறுபக்கம் ஊறாமல் பார்க்க வேண்டும். நான் முதல் இடத்திலேயே நின்றுவிட்டேன். 38-ஆம் பக்கம், ஏழாவது வரியில் கதாநாயகி பவளத்தின் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். பட்டியல் முதல் பதிப்பைப் பார்த்துத் தயாரித்தது. எங்களிடம் இருந்தது இரண்டாம் பதிப்பு. முன்னால் நாலு பக்கம் முன்னுரை சேர்த்திருந்தார்கள். எல்லாப் பக்கமும் நாலு தள்ளிப்போயிருந்தது.

நான் போய்ச் சொன்னேன். ஆவுடைநாயகம் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உத்தரவுல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு சார்."

"புஸ்தகத்துல முப்பத்தெட்டு இருக்கா?"

"இருக்கு சார். ஆனா அதுல வெண்டைக்காதான்..."

"வெண்டைக்காயோ வெங்காயமோ, நமக்கென்னடே? நாளைக்கு ஆடிட்ல வந்து 38-ஐத் தொறந்து பாப்பான். கறுப்பா இருக்கணும். அம்புட்டுதான்."

மூன்று நாள் உட்கார்ந்து அடித்தேன். ஒவ்வொரு இடத்தையும் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்தேன். வெண்டைக்காய், ஒரு தாலாட்டு, ஒரு ஆட்டுக்குட்டி வழி தவறியது, பவளத்துக்குக் காய்ச்சல் வந்து கஞ்சி குடித்தது. குத்தகைக்காரரைப் பற்றிய வரிகள் எல்லாம் நாலு பக்கம் தள்ளி, பளிச்சென்று, ஒரு மைப்புள்ளி படாமல் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாகவே இருந்தேன். முட்டாள்தனத்தைச் சட்டப்படி செய்வதில் ஒரு குஷி இருக்கிறது.

ஜனவரி 22

இசக்கிப்ரியா போன். கறுப்புக்கு அடியில் இருப்பதை எடுக்கப் பார்த்தாளாம். பக்கங்களைப் பல விதமான வெளிச்சத்தில் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியதில் அங்கங்கே ஒரு கொம்பும் சுழியும்தான் தெரிகிறதாம். "அந்தக் காலத்து மை சார், அசையவே இல்ல" என்றாள். நல்ல மைதான். ஆவுடைநாயகம் சார் மட்டமானது எதையும் வாங்க மாட்டார்.

"டீச்சருக்கு ஞாபகம் இல்லையா?" என்று கேட்டேன்.

"எழுதி நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சே சார். கொஞ்சம் எடுத்துக் குடுத்தா வரும்ங்காங்க. யாரு எடுத்துக் குடுக்க? வாசிச்சவங்களையே காணோம்."

போனை வைத்த பிறகு முற்றத்தில் நாலு தடவை நடந்தேன். பிறகு நானே கூப்பிட்டு, எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். அடித்தது நான்தான் என்றும் சொன்னேன்.

"எல்லாமுமா சார்?"

"பதிமூணு ஞாபகம் இருக்கு. நூத்திப் பன்னெண்டாம் பக்கம் மட்டும் ஞாபகம் இல்லை."

ஜனவரி 29

நாலு நாளாக வேலை. நான் சொல்லச் சொல்ல இசக்கிப்ரியா அடித்து, பாளையங்கோட்டைக்குப் போய் டீச்சரிடம் வாசித்துக்காட்டுகிறாள். அவர் திருத்துகிறார். நான் 'ஆட்டுக்குட்டி' என்று சொன்னதை டீச்சர் 'வெள்ளாட்டுக்குட்டி' என்று மாற்றினாராம். தாலாட்டில் நான் விட்ட ஒரு அடியை முழுசாகப் பாடிக் காட்டினாராம். "டீச்சர் முகத்த நீங்க பாத்திருக்கணும் சார்" என்றாள்.

"நான்தான் சொல்லுதேன்னு சொன்னீங்களா?"

"பேர் சொல்ல வேண்டாம்னீங்களே சார். பழைய வாசகர் ஒருத்தர்னு சொல்லியிருக்கேன்."

நல்லது. கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 3

இன்று முழுக்க அந்த 76-ஆம் வருஷக் கோடைதான் மனசில் ஓடியது.

கறுப்பு அடித்து முடித்த மறுவாரம் நூலகத்தில் கூட்டம் சொல்லி மாளாது. வாழ்க்கையில் ஒரு பேப்பர்கூட வாசிக்காதவர்கள் எல்லாம் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பவ்யமாக உள்ளே வந்தார்கள். மூன்று பிரதிக்கும் காத்திருப்போர் பட்டியல் போட வேண்டியதாயிற்று. யாரும் கதையை வாசிக்கவில்லை. கறுப்பை மட்டும் தேடிப் புரட்டினார்கள். சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். டெய்லர் ஒருவர் எச்சில் தொட்டுத் தேய்த்தே பார்த்தார். "பதினாலு எடத்துல அடிச்சிருக்கான்னா எப்பேர்ப்பட்ட அசிங்கத்த எழுதியிருப்பா" என்று பேசிக்கொண்டார்கள். தோணியில் யார் நிற்க வேண்டும் என்ற வரிகள் நாலு பக்கம் தள்ளித் திறந்தே கிடந்தன. ஒரு ஆள் அதை வாசிக்கவில்லை.

என் குஷி அங்கேதான் போயிற்று. வெண்டைக்காய்க்கு மேல் நான் போட்ட மை, அதை ஆபாசமாக ஆக்கிவிட்டது. டீச்சர் வடகரைக் கடைத்தெருவில் நடந்தால் பின்னால் சிரித்தார்கள். அப்போதும் வியாழக்கிழமை பதினோரு மணித் தோணிக்கு வந்தார். அந்தக் குடை மட்டும் விரித்தபடி இருந்தது. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். டீச்சர், நான்தான் அடித்தேன், அடியில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், வேண்டுமானால் தெருமுனையில் நின்று சொல்கிறேன் என்று. வேலை போயிருக்கும். போயிருந்தால்தான் என்ன?

பிப்ரவரி 4

நேற்று எழுதியதை வாசித்தேன். 'போயிருந்தால்தான் என்ன' என்று இன்றைக்குப் பென்ஷன் வாங்குகிறவன் எழுதுவது சுலபம். அன்றைக்கு வீட்டில் அப்பா படுக்கையில் கிடந்தார், இரண்டு தங்கைகள்.

பிப்ரவரி 8

இசக்கிப்ரியா படம் பிடித்து முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பதிமூன்று இடமும் முடிந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஐந்து வரி. அது மட்டும் பாக்கி.

"டீச்சருக்கும் அது வரவே மாட்டேங்கு சார். தோணில ஏதோ ஒரு இடம்ங்காங்க. பெறகு பேச்ச மாத்திருதாங்க. நேத்து டயாலிசிஸ்ல ரொம்ப முடியாமப் போச்சு. அவங்க தங்கச்சி என்னைத் தனியாக் கூப்பிட்டு, சீக்கிரம் முடிச்சிரும்மான்னு சொன்னாங்க. இந்த அஞ்சு வரி இல்லாம அச்சுக்குக் குடுத்துரலாமான்னு கேட்டேன் சார். டீச்சர் சம்மதிக்கல. ஓட்டையோட கேக்க மாட்டேன்னுட்டாங்க."

"எனக்கு ஞாபகம் வந்தாச் சொல்லுதேன்" என்றேன்.

அவள் போன பிறகு உலகம்மாள் புத்தகத்தைக் கூடத்து மேஜையில் இருந்து எடுத்தாள். அவள் அதிகம் வாசிக்கிறவள் இல்லை. வார ராசிபலன், கோலப் புத்தகம், அவ்வளவுதான். புத்தகத்தை மேஜையில் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தாள். அது தானாக விரிந்தது. மூடி மறுபடி நிமிர்த்தினாள். மறுபடியும் அதே பக்கம் விரிந்தது.

"எந்தப் பக்கம் இது?" என்றாள்.

"நூத்திப் பன்னெண்டு."

"நூறு தடவ தொறந்தாத்தான் ஒரு புஸ்தகம் இப்படித் தானா விரியும். கோலப் புஸ்தகத்துல எனக்குத் தேர்க் கோலம் விரியுத மாதிரி. ஞாபகம் இல்லாத பக்கத்தயா இத்தன தடவ தொறந்து பாத்தீய?"

மருந்து வாங்க வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

பிப்ரவரி 9

உலகம்மாள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புளிக்குழம்பு, அப்பளம்.

பிப்ரவரி 12

இதையும் எழுதிவிட்டால் டைரி முழுசாகும்.

76 ஆகஸ்டில் டீச்சருக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வெளியூர்க் கல்லூரியில் விரிவுரையாளர். ஒரு நாள் மாப்பிள்ளையின் தாய்மாமா நூலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வேதப் புத்தகப் பை. நாவலைக் கேட்டு வாங்கி, என் எதிரிலேயே நின்று புரட்டினார். நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினார். பவளமும் புத்தகக்காரன் என்று ஒரு பையனும் தோணியில் ஏறுகிற இடம். ஏறுகிறார்கள், உடனே ஐந்து வரி கறுப்பு, பிறகு கரை வந்துவிடுகிறது. அவர் பக்கத்தை ஜன்னல் பக்கம் உயர்த்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கறுப்புக்குள்ள என்ன எழுதியிருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஐந்து வரி. ஒரு தப்பும் இல்லாத ஐந்து வரி. சொல்லியிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் சொன்னால், அந்தப் புத்தகக்காரன் யார் என்று அவர் என் மேஜை மேல் இருந்த புத்தகப் பெட்டியைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

"தெரியாது சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். கல்யாணம் நின்றுபோயிற்று. அக்டோபரில் டீச்சர் வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று பேப்பரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஜன்னல் வெளிச்சத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிப்ரவரி 13

உலகம்மாள் டைரியை வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை போலிருக்கிறது. காலையில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பொம்பளைக்கு ஒடம்பு சரியில்லங்காங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"என்னத்தச் சொல்ல?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் நூறு தடவ வாசிச்சிருக்கீய." கொஞ்ச நேரம் துருவினாள். "நெனைக்கதா இருந்தா கல்யாணமான புதுசுலயே நெனைச்சிருப்பேன். வீட்டுப் பத்திரத்துக்கு அடில எவனாச்சும் கதைப் புஸ்தகத்த வைப்பானா?"

நீலச் சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்தாள்.

பிப்ரவரி 15

பாளையங்கோட்டை பஸ்ஸில் பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்தேன். பஸ் பிரேக் டவுன் என்று உலகம்மாளிடம் சொன்னேன். அவள் சட்டையை வாங்கி மறுபடி மடித்தாள்.

பிப்ரவரி 19

இன்று போனேன்.

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி, சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. இசக்கிப்ரியா முன்னாலேயே வந்து கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தாள். கொண்டுபோன புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். டீச்சர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். ரொம்பவும் மெலிந்துவிட்டார். தலை முழுக்க வெள்ளை. வலது கையில் கட்டு. ஆனால் தலையை நிமிர்த்தி உட்கார்கிற அந்த விதம், அது அப்படியே இருந்தது.

"டீச்சர், புத்தகம் வச்சிருந்த அந்த வாசகர் வந்திருக்காங்க" என்றாள் இசக்கிப்ரியா.

"வணக்கம் டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

டீச்சர் முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார். "வெள்ளாட்டுக்குட்டிய ஆட்டுக்குட்டின்னு சொன்னப்பவே சந்தேகப்பட்டேன். தென்கரை லைப்ரரிக்காரங்களுக்குத்தான் எல்லாம் ஆட்டுக்குட்டி. உக்காருங்க, சொரிமுத்து."

உட்கார்ந்தேன். முதலில் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அடித்தது நான் என்று சொன்னேன். பட்டியல் முதல் பதிப்பு, எங்களிடம் இருந்தது இரண்டாம் பதிப்பு, தெரிந்தே அடித்தேன் என்று சொன்னேன். வெண்டைக்காயைச் சொன்னபோது டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தங்கை ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு அந்தத் தாய்மாமா வந்ததைச் சொன்னேன். தெரியாது என்று நான் சொன்னதையும் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "அந்த மாமா வந்து சொன்னாரு. லைப்ரரிக்காரனே தெரியாதுங்கான், அப்போ வாயால சொல்லக்கூடாத விஷயம்தான்னாரு. எனக்கு அப்போ கோவம் வந்தது நெசம். கல்யாணம் நின்னதுக்கு இல்ல."

பின்னே எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"சொல்லுங்க" என்றார். "நூத்திப் பன்னெண்டு. ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கு டீச்சர்."

இசக்கிப்ரியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நின்று நிதானமாக, அவள் அடிக்க நேரம் கொடுத்துச் சொன்னேன்.

'புத்தகக்காரன் ஏறியதும் தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. பெட்டி நனையாதபடி மடியில் வைத்துக்கொண்டான். ஆற்றுத் தண்ணீர் பட்ட கையை வேட்டியில் மூன்று தடவை துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டான். இவ்வளவு பத்திரமாக எதையும் தொடுகிற கை இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை என்று பவளம் நினைத்துக்கொண்டாள். கரை நெருங்கியது. அடுத்த வியாழனும் இதே தோணிதானா என்று அவன் கேட்க நினைத்தான். கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினான். அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் குடையை விரிக்காமல் அப்படியே நின்றிருந்தாள். அவன் கேட்டிருந்தால், ஆமாம் என்று சொல்லியிருப்பாள்.'

சொல்லி முடித்தேன். இசக்கிப்ரியா கம்ப்யூட்டரில் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"சார், கறுப்பு அடிச்சது அஞ்சு வரிதான். இது பதினோரு வரி வருது."

"அவ்வளவும் இருந்துதும்மா" என்றேன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தெனமும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

டீச்சர் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"மொத அஞ்சு வரி நான் எழுதுனது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே. பவளம் நினைத்துக்கொண்டாள், அதோட முடிஞ்சுது. மிச்சத்த நான் எழுதல, சொரிமுத்து."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பத்து மூன்று வருஷம். தலையணை உறைக்குள் அந்தக் கறுப்புக் கட்டம் ஐந்து வரி உயரம்தான், நானே ஸ்கேல் வைத்து அடித்தது. அதற்குள் பதினோரு வரி எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. முகம் சுட்டது. வயசான காலத்தில் இப்படி ஒரு வீட்டில், ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோமே என்று இருந்தது.

"தப்பா ஞாபகம் வச்சிட்டேன் போல டீச்சர். வயசாயிட்டு. அந்த ஆறு வரிய எடுத்திரும்மா" என்றேன்.

இசக்கிப்ரியா விரலை எடுத்து விசையில் வைத்தாள். டீச்சர் "பொறு" என்றார்.

அவர் உதடு அசைந்தது. அந்த ஆறு வரியைத்தான் ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. பிறகு சிரித்தார். எழுபத்தைந்தில் தோணியில் குடையை விரிக்காமல் உட்கார்ந்திருந்தவர் சிரித்த சிரிப்பு.

"இத நான் எழுதியிருந்தா, அடிக்கச் சொன்னவங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும்."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"எடுக்காத இசக்கி" என்றார். "பதினொண்ணும் இருக்கட்டும். இந்தத் தடவ யாரும் ஒரு வரியும் அடிக்கப்படாது."

"அப்போ டீச்சர், இத அச்சுக்கு..."

"அப்படியே அச்சுக்குக் குடு. முழுசாக் கேட்டுட்டேன்னு அப்பதான் நான் சொல்லுவேன்." என் பக்கம் கையை நீட்டினார். "புத்தகத்த வாங்கி மேல வாசிங்க, சொரிமுத்து. பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்துருவாங்க."

நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்திலிருந்து வாசித்தேன்.